பதினான்காம் படகு கரை சேர்ந்தது

எங்கள் சொர்தா முனையில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவன் படகு மணலில் கிடக்கும். ஆனால் படகின் எண் மட்டும் தவறாமல் கடலுக்குப் போய்வரும். மீனவர் சங்கத்தில் யாராவது ஒருவன் தன் சிங்கிறால் பெட்டிகளில் ஒன்றை எடுத்து அந்த எண்ணுக்கு எடை போட்டுவிடுவான். எண்ணைத் தாங்குவது என்று இதற்குப் பெயர். பருவத்தில் அடுத்தடுத்துச் சில நாள் சிங்கிறால் இறக்காத படகுக்கு அடுத்த வருஷக் குலுக்கலில் நல்ல பாறையிடம் கிடைக்காது. கூண்டை வெறும் மணல்தரையில்தான் போடவேண்டும். மணலில் கூண்டு போட்டவனுக்குச் சிங்கி கிடைக்காது, ஊர்ச் சிரிப்புத்தான் கிடைக்கும். அதனால் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை, தாங்கியதை வெளியே சொல்வதும் மரியாதை இல்லை. என் கணவன் லிப்ராதோ எத்தனை பேருக்குத் தாங்கியிருக்கிறான். பிள்ளை பெற்ற வீடு, சாவு வீடு, குடித்துவிட்டுக் கிடக்கிறவன் வீடு என்று எந்தப் பேதமும் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

முன்பெல்லாம் எடைக் கொட்டகையில் தாளில் எழுதினார்கள். பிறகு லாப்பாஸிலிருந்து மீன்வளத் துறைக்காரர்கள் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படகு எண், கரைக்கு வந்த நேரம், எடை, சினையோடு திருப்பி விட்டது எத்தனை என்று தட்டிய மாத்திரத்தில் அது தலைநகரத்துக்குப் போய்விடும். போனதை அழிக்க முடியாது. அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணைத் தாங்குவதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை, அது சொல்லவேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அக்டோபரில் லிப்ராதோவின் எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. கூடப் போகும் பையன் பல் பிடுங்க வெளியூர் போயிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று லிப்ராதோ, "நாளைக்கு நான் போகல மாப்ள. இந்தச் சனியனைப் பிரிச்சுப் பாத்துடணும்," என்று நிக்கானோரிடம் சொன்னான். நிக்கானோர் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், எங்கள் மகள் யாரெலிக்கு ஞானத்தகப்பன். "சரி, நான் பாத்துக்கிறேன்," என்றான் அவன். எதைப் பார்த்துக்கொள்வான் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

காலையில் பார்த்தால் எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை. பிளக்கில் அழுக்கு, அவ்வளவுதான். மற்ற படகுகள் விடியுமுன்பே போய்விட்டன. லிப்ராதோவுக்கு நிலைகொள்ளவில்லை.

"பக்கத்துப் பாறையில போட்ட கூண்டை மட்டும் தூக்கிட்டு வந்துடறேன்."

"தனியாப் போகக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்கல்ல?"

"அப்ப நீ வா."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்றேன்.

இதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. வேறு நல்லதாக ஏதாவது பேசியிருக்கலாம் என்று நான் ஏங்கியதில்லை. நாங்கள் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

மத்தியானம் மூடுபனி இறங்கியது. நிக்கானோர் பனிக்கு முன்பே கரைக்கு வந்துவிட்டான். லிப்ராதோ வீட்டு முற்றத்தில் எஞ்சினைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து, மணலில் படகு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், தன் பெட்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்துப் லிப்ராதோவின் பதினான்காம் எண்ணுக்குப் போடச் சொன்னான். கொட்டகையில் பதிவு பார்க்கும் தெல்பினா எடை போட்டாள், தட்டினாள். பதினான்காம் படகு கரை சேர்ந்தது என்று அரசாங்கத்துக்குச் செய்தி போய்விட்டது.

இருட்டும் நேரம் நான் கொட்டகைக்குப் போனேன்.

"எங்கடி அவன்? இன்னும் வீட்டுப் பக்கம் தலையைக் காட்டல."

தெல்பினா டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். "மத்தியானமே இறக்கியாச்சே. இந்தா பாரு, பதினாலு. எங்கயாவது சீட்டாடிக்கிட்டு இருப்பான், போ. வந்ததும் நல்லா நாலு கேளு."

அவளைக் குறை சொல்ல முடியாது. லிப்ராதோ அன்று கடலுக்கே போகவில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். நிக்கானோர் தாங்கியதை என்னிடம் சொல்லக் கூடாது, அது வழக்கம். நானோ, அவனே கடலுக்குப் போய்விட்டதால் நிக்கானோர் முந்தின நாள் சொன்னதை அடியோடு மறந்து, வந்து சரக்கை இறக்கிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டான் என்று நினைத்தேன். மணலுக்குப் போய்ப் படகு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்தான். அந்தப் பனியில் நீட்டிய கையே தெரியவில்லை. அதோடு, எழுத்தில் இருக்கிறதை எதற்குப் போய்ப் பார்க்கவேண்டும்? வீட்டுக்கு வந்து, அவன் வந்ததும் என்னென்ன கேட்பது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

விடிந்து நான் மறுபடி கொட்டகை வாசலில் நின்று கத்தியபோது நிக்கானோர் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். நின்றான். எஞ்சினை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"மதினி, அவன் நேத்து வீட்லதான இருந்தான்?"

"வீட்லயா? காலையிலயே போயிட்டான். மத்தியானம் வந்துட்டானாமே."

"மதினி, அது என் பெட்டி," என்றான்.

கரையில் இருந்த எல்லாப் படகும் போயின. சங்கத் தலைவர் பிதென்சியோ என் அப்பாவின் தம்பி. அவர் துறைமுக அலுவலகத்துக்கு போன் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் பேசியவன் எங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, அந்தப் படகு நேற்றே கரை சேர்ந்துவிட்டதே, கரை சேர்ந்த படகை எப்படித் தேட விமானம் அனுப்புவது, பதிவு தப்பு என்றால் சங்கத் தலைவர் அப்படி எழுதிக் கொடுக்கட்டும் என்று சொன்னான். சித்தப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொதல்ல நாம தேடுவோம் தாயி. பக்கத்துலதான் இருப்பான். கிடைக்கலன்னா எழுதிக் குடுப்போம்," என்றார். அவரும் படகில் ஏறிப் போனார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வயதில் உண்ணாமல் உறங்காமல் தேடினார். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. வடக்குக் குடாவில் கல்லுக்கு நடுவே ஒதுங்கியிருந்த படகைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அதில் யாரும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்தது. அதை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தேன். நான் கட்டிக்கொடுத்தது கட்டிக்கொடுத்தபடியே இருந்தது.

அதன் பிறகு எழுதிக் கொடுத்து என்ன பயன் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். விசாரிக்க வந்த துறைமுகக்காரனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. பதிவைக் காட்டினார்கள், சும்மா நின்றார்கள். அவனே முடிச்சுப் போட்டுக்கொண்டான். மேற்படி நபர் கரைக்கு வந்து சரக்கு இறக்கினார், பிறகு படகை வடக்குக் குடாவில் விட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு நடந்து போய், யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் சொல்லாமல் கொள்ளாமல் போனால் கூலி வேலைக்கு வடக்கே எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான் என்றுதான் அர்த்தம். அவனைத் தேடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எனக்கு அப்போது கோபம் வந்திருக்கவேண்டும். ஊரறிந்த வாய்க்காரி நான். விலை பேச வந்த, ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாத சீனாக்காரனையே திட்டி ஓட வைத்தவள். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வேலைக்குப் போனேன். கொட்டகையில் என் வேலை, சிங்கியின் முதுகை அளவுகோலில் வைத்துப் பார்ப்பது. அளவுக்குக் குறைந்தால் கடலுக்கு, சரியாக இருந்தால் பெட்டிக்கு. ஒன்றைக்கூட நான் தப்பாக எடுக்கவில்லை. பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். புருஷன் போனவள் மாதிரியா இருக்கிறாள் பார் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. வீட்டில் இறந்தவர்களுக்குப் பீடம் வைத்து, படம் வைத்து, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்போம். என் அம்மாவின் படத்தை வைத்தேன், மாமனார் படத்தை வைத்தேன். லிப்ராதோவின் படத்தைக் கையில் எடுத்ததும் யாரெலி பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா படம் இதுல வைக்கக் கூடாது. அப்பா அந்தப் பக்கம்தான போயிருக்காரு. ஸ்ட்ராபெரி பறிக்கிற வேலை. ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. எனக்கு சக்கரம் வச்ச ஷூ வாங்கிட்டு வருவாரு."

ஏழு வயசுப் பிள்ளை. அவளுக்கு அந்தக் கதையில் அப்பா உயிரோடு இருந்தார். படத்தை அவளிடமே விட்டுவிட்டேன்.

மாதம் ஒருமுறை வரும் சாமியாரிடம் போய் இறந்தவர் பூசை வைக்கச் சொன்னேன். நல்ல மனிதர். சங்கடப்பட்டு மோவாயைத் தடவினார். "காகிதம் எதுவும் இல்லையே அம்மா. உயிரோட இருக்கிறவனுக்கு இறந்தவர் பூசை வச்சா அது பாவமில்லையா? பயணத்துல இருக்கிறவங்களுக்குன்னு ஒரு செபம் இருக்கு. அதைச் சொல்றேன்," என்றார். சொன்னார். வழியில் கள்வரிடமிருந்தும் வெயிலிலிருந்தும் லிப்ராதோவைக் காக்கும்படி வேண்டிக்கொண்டார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் தெரியும்.

முனையின் உச்சியில், கடலில் போனவர்களுக்கென்று சிலுவைகள் நிற்கின்றன. உடல் கிடைக்காதவர்கள்தான் பாதிப் பேர். அங்கே லிப்ராதோவுக்கு ஒன்று வைக்கவேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றார் சித்தப்பா. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவன் கடலில் போனான் என்று ஊர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். என்னை விட்டுவிட்டு ஓடினான் என்று இல்லை.

நிக்கானோர் தினமும் சாயங்காலம் வந்தான். தண்ணி லாரியிலிருந்து எங்கள் பீப்பாயை நிரப்பிவிட்டு, வாசலைத் தாண்டாமல் நிற்பான். "மதினி, ஒரு வார்த்தை திட்டிடுங்க," என்று ஒருநாள் கேட்டான். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவனை வெறுக்க முடிந்திருந்தால்கூடப் பொழுது போயிருக்கும். "தண்ணி வழியுது பாரு," என்றேன். குழாயை எடுத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரியில் பருவம் முடிந்தது. சித்தப்பா அப்போதுதான் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடலை எங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்த உரிமை அந்த வருஷம் முடிகிறது. புதுப்பிக்குமுன் பதிவுகளைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வருகிறார். பதினான்காம் படகு விஷயத்தையும் கேட்பாராம். கேட்டால் நான் பேசவேண்டும்.

"ஒரே ஒரு வரிதான் தாயி. வந்தாரு, போயிட்டாரு. அவ்வளவுதான்."

"எங்க போனாரு?"

"தெரியாதுன்னு சொல்லு. அது உண்மைதான?"

"சித்தப்பா, தூக்கை எனக்குக் கொண்டாந்து குடுத்தது நீங்க. வீட்டுக்கு வந்துட்டுப் போறவன் சோத்தைத் தொடாம தூக்கிக்கிட்டா திரிவான்?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதா? நான் என்ன கல்லா? ஒரு பெட்டி பொய்யின்னா எல்லாப் பெட்டியும் பொய்யின்னு எழுதிடுவாங்க. கடலை எவனாவது கம்பெனிக்காரன் கையில குடுத்துடுவாங்க. அப்புறம் இந்த வனாந்தரத்துல என்னத்தை விதைச்சுத் திங்கிறது, கள்ளியையா? அந்த நிக்கானோர் பயலை ஜெயில்ல போடுவாங்க. அவன் மூத்த பிள்ளைக்கு நீ ஞானத்தாய். யோசிச்சுக்க."

"சரி," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கத்துவேன், சாமானை விட்டெறிவேன் என்று தயாராகத்தான் வந்திருந்தார் போல. "சரின்னா?"

"சரின்னா சரிதான். சொல்றேன். காப்பி குடிக்கிறீங்களா?"

அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஆனால் எழுந்து போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இல்லை. சரி என்று சொல்வதும் காப்பி வேண்டுமா என்று கேட்பதும் அன்று எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

வந்த அதிகாரி ஒரு பெண். ஒசூனா என்று பெயர். சின்ன வயது, எங்கள் காற்றில் சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சங்க மண்டபத்தில் மேசை போட்டுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சித்தப்பா, இன்னொரு பக்கம் தெல்பினா. பின்னால் பெஞ்சில் உறுப்பினர்கள், அவர்களோடு நிக்கானோர். காலை முழுக்கக் கணக்குகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், மன்னிச்சுக்குங்க. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கணும். அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் சரக்கை இறக்கிட்டு வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாருங்க. வந்துட்டுப் போயிட்டாரு."

சித்தப்பா மூச்சை விட்டது கேட்டது.

"எத்தனை மணிக்கு வந்தாரு?"

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "மத்தியானம் தாண்டி," என்றேன்.

"வந்து என்ன செஞ்சாரு? சும்மா, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க."

வந்து என்ன செய்வான்? தினம் என்ன செய்வானோ அதைத்தான் செய்வான்.

"பூட்ஸை வாசல்லயே கழட்டினாருங்க. உள்ள கொண்டாந்தா நான் கத்துவேன், மணல் உதிரும்னு. ஒண்ணை ஒழுங்கா வச்சாரு, இன்னொண்ணு எப்பவும் கவுந்துதான் கிடக்கும். நான்தான் நிமித்தி வச்சேன்."

அவள் தட்டினாள். "அப்புறம்?"

"கை கழுவினாரு. டீசல் வாசனை போகல. அந்தக் கையோடயே ரொட்டியை எடுத்தாரு. தட்டுல வையின்னு சொன்னேன், கேக்கல. நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாரு, முதல் ரொட்டியை மட்டும். பயறு மசியல்ல உப்பு கம்மின்னாரு. உப்பு போட்டேன். இப்ப அதிகம்னாரு. அப்ப நீயே சமைச்சுக்கன்னேன்."

பின்னால் யாரோ லேசாகச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது தைரியமாக இருந்தது.

"அப்புறம்தான் உக்காந்தாரு. பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்து முதுகுல ஏறிக்கிட்டா. அவ எடையைச் சொல்லுவாரு, கொட்டகையில சொல்ற மாதிரி. இருபத்திரெண்டு கிலோ, அளவு பத்தல, கடல்ல விட்டுடலாமான்னு கேப்பாரு. அவ வேணாம் வேணாம்னு கத்துவா. உப்புக்கண்டம் கொஞ்சம் வதக்கி வச்சிருந்தேன், பச்சைமிளகா போட்டு. அதை எடுத்து வச்சதும் காலையில சண்டை போட்டதை மறந்துட்டாரு. காலையில நான் கூட வரலன்னு கோவம். நாளைக்கு வரியான்னாரு. வரேன்னு சொன்னேன்."

எனக்கு வாய் நிற்கவில்லை. அக்டோபரிலிருந்து நான் அத்தனை வார்த்தை பேசியதே இல்லை. அவன் கழுத்தில் உப்புப் பூத்திருந்தது தெரிந்தது. மிளகாய் காரத்துக்கு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கடவுள்மேல் ஆணை, அந்த மண்டபத்தில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மாவின் கை எப்போதோ நின்றுபோயிருந்தது. தெல்பினா முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"காப்பி வச்சேன். ஊதி ஊதிக் குடிப்பாரு, சூடு ஆகாது அவருக்கு..."

"எர்மினியா," என்றார் சித்தப்பா மெல்ல. "அப்புறம் போயிட்டாரு. அதைச் சொல்லு."

"அப்புறம்..." என்று ஆரம்பித்தேன்.

வரவில்லை. அவன் எழுந்து போவதை என்னால் சொல்ல முடியவில்லை. அவன் பூட்ஸை மாட்டவேண்டும், வாசலைத் தாண்டவேண்டும், பாப்பாவை முதுகிலிருந்து இறக்கி விடவேண்டும். இதில் ஒன்றையும் லிப்ராதோ செய்யமாட்டேன் என்கிறான்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"அவரு இன்னும் சாப்பிட்டுக்கிட்டுத்தாங்க இருக்காரு," என்றேன்.

 பின்னால் பெஞ்சு நகர்ந்தது. நிக்கானோர் எழுந்து நின்றான்.

"அம்மா, அவன் அன்னிக்குக் கரைக்கே வரல. அந்தப் பெட்டி என்னுது. அவன் கடலுக்குப் போகலன்னு நினைச்சு அவன் எண்ணுக்குப் போட்டுவிட்டேன். நாங்க அப்படித்தான் செய்வோம். அதனாலதான் அவனைத் தேட யாரும் வரல."

"உக்காருடா," என்றார் சித்தப்பா. குரலில் பலமே இல்லை.

"உக்காரமாட்டேன் தலைவரே. மதினிகூட வீட்டுக்கு வந்தான்னு சொல்லி முடிக்க முடியாம திணறுறாங்க. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க நான் என்ன பிணமா?"

சித்தப்பா இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரும் நிக்கானோரைத் திட்டவில்லை, யாரும் அவனுக்காகப் பேசவுமில்லை. ஒரு ஊரே பருவம் முடிந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதிகாரி அவனைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். மேசைமேல் கையை நீட்டி என் கையைத் தொட்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

"நீங்க சொல்றதைத்தான் நான் எழுதுவேன். அவசரமில்ல. உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வந்தாரா?"

வந்தார் என்றால் ஊருக்குக் கடல் இருக்கும். நிக்கானோரின் பேச்சைக் குடிகாரன் பேச்சு என்று தள்ளிவிடலாம். என் மகளுக்கு அந்தப் பக்கம் ஓர் அப்பா இருப்பான். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான், காப்பியில் பாதிகூடக் குடிக்கவில்லை. வந்தார் என்று சொன்னால் அடுத்ததாக அவனை வாசலுக்கு வெளியே ஓடவைக்கவேண்டும். அப்படி ஓடுகிறவன் இல்லை அவன்.

"வரலைங்க," என்றேன். "அவரு வரல."

வீட்டுக்குள் நாற்காலி காலியாயிற்று. அப்போதுதான் எனக்கு வலித்தது. ஊசியின் மரப்பு விட்டுப்போனதும் வலிப்பதுபோல ஒரே இடத்தில் தொடங்கி எல்லா இடத்துக்கும் பரவியது. நான் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு கத்தினேன். தெல்பினா ஓடிவந்து பிடித்தாள், அவளையும் அடித்தேன். நிக்கானோரைப் பெயர் சொல்லித் திட்டினேன், சித்தப்பாவைத் திட்டினேன், அந்த அம்மாவின் கம்ப்யூட்டரைத் திட்டினேன், வாயில் வந்த கெட்ட வார்த்தை ஒன்றையும் விடவில்லை. நிக்கானோர் தலைகுனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டான்.

அதிகாரி நான் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இறந்தவரின் முழுப்பெயர் என்ன என்று கேட்டாள்.